சந்தைக்கு வருகிற அப்பா

என்னைக் கோட்டுச்சேரியில் கட்டிக்கொடுத்தபோது எங்கள் ஊரில் எல்லாரும் என் அப்பாவைத்தான் வாழ்த்தினார்கள். மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார், குணம் எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "காரைக்கால்ல சம்பந்தம் பண்ணிட்டீங்க. இனிமே ஒங்களுக்கு என்னாண்ணே கவலை!" என்று கண்ணடித்தார்கள். நான் மாலையும் கழுத்துமாகப் பக்கத்திலேயே நிற்கிறேன், என்னை ஒரு ஆளாகவே யாரும் மதிக்கவில்லை.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் ஊர் செம்பனார்கோயில் பக்கம் ஒரு சின்னக் கிராமம். தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு. பொறையாறு தாண்டி நண்டலாற்றுப் பாலத்தைக் கடந்துவிட்டால் காரைக்கால் எல்லை, வேறு அரசாங்கம், வேறு சட்டம். ஒயின் ஷாப், சாராயக்கடை, கள்ளுக்கடை எல்லாம் பட்டப்பகலில் ஜோராகத் திறந்திருக்கும். அதனால் எங்கள் பக்கத்து ஆம்பிளைகளில் ஒருத்தர் "காரைக்காலுக்குப் போறேன்" என்றாலே போதும், மற்றவர்கள் சிரிப்பார்கள். என்னத்துக்கு என்று கேட்கிற பேச்சே கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் வீட்டுக்காரருக்கு அந்த வாடையே ஆகாது. காரைக்காலிலேயே பிறந்து, வளர்ந்து, அங்கேயே ஒரு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், கோலி சோடாவைத் தாண்டி ஒன்றும் குடித்ததில்லை. சொன்னால் யார் நம்புகிறார்கள்? பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றுதானே சொல்வார்கள். என் பெரியம்மா என்னைத் தனியே கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், "ஏண்டி, குடிச்சுட்டு வந்தா கையை நீட்டுவாரா?" என்று குசுகுசுவென்று கேட்டாள். "நான் நீட்டாம இருந்தாப் போதாதா பெரியம்மா?" என்றேன். அப்போதே எனக்கு வாய் அப்படித்தான்.

தலை தீபாவளிக்கு அழைக்க, பொங்கல் சீர் வைக்க, ஆடிக்குக் கூட்டிப்போக என்று முதல் வருஷம் அப்பாவும் அம்மாவும் மாறி மாறி வந்துகொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் வரத்து நின்றுபோனது. பெண்ணைக் கொடுத்த வீட்டில் காரணமில்லாமல் போய் உட்கார்ந்துவிட முடியாது, அது எங்கள் பக்கத்து வழக்கம். அடுத்து அவர்கள் வருவதற்கு எனக்கு ஒரு பிள்ளை பிறக்க வேண்டும். அது தள்ளிக்கொண்டே போனது. ஒரு வருஷம் இரண்டாகி, மூன்றாகவும் ஆகிவிட்டது. மாமனார் மாமியார் பெரிய மகனோடு நிரவியில் இருந்ததால் வீட்டுக்குள் இடித்துப் பேச ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத் தெருவே இருந்தது.

அப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வாசலில் அப்பா. தோளில் துண்டு, கையில் ஒரு மஞ்சள் பை.

"என்னாப்பா திடீர்னு?"

"நாளைக்கு இஞ்ச சந்தையாம்ல. அதான் சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. அப்பாவுக்கு ஒரு காபி போட்டுக் கொடுப்பதற்குள் இரண்டு முறை பாலைப் பொங்கவிட்டேன். மறுநாள் காலை மூன்று பேருமாக பஸ் ஏறிக் காரைக்கால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனோம்.

சந்தையில் அந்த நாளில் இப்போது மாதிரி பிளாஸ்டிக் வாளியும் நைட்டியும் இல்லை. நெடுங்காட்டிலிருந்தும் திருநள்ளாற்றுப் பக்கமிருந்தும் விளைவித்தவர்களே சாக்கை விரித்துக் குவித்து வைத்திருப்பார்கள். பரங்கிக்காய், சுரைக்காய், ஈரம் சொட்டுகிற கீரைக்கட்டு, அன்று காலைதான் வெட்டிய வாழைத்தண்டு. ஒரு பக்கம் சட்டி பானை. கிளிஞ்சல்மேட்டிலிருந்து பெண்கள் கூடையில் மீன் கொண்டுவந்து உட்கார்ந்திருப்பார்கள், அவர்களிடம் பேரம் பேசி ஜெயித்தவர் யாரும் கிடையாது. கருவாட்டு வரிசை கடைசியில் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, மூக்கே கூட்டிப்போகும்.

என் அப்பா கத்திரிக்காய் பயிர் பண்ணுகிறவர். வீட்டில் கத்திரிக்காய் தின்ன ஆளில்லாமல் மாட்டுக்குப் போடுவார்கள். அவர் சந்தையில் போய்க் கத்திரிக்காய் முன்னால்தான் குந்துவார். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்ப்பார், காம்பை நகத்தால் கீறுவார், "எத்தினியாம் பறிப்பு இது?" என்று விசாரிப்பார். விற்கிறவருக்கும் சந்தோஷம் தாங்காது, வியாபாரத்தை விட்டுவிட்டு இவரோடு பூச்சி மருந்து பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். கடைசியில் அப்பா ஒரு வீசை கத்திரிக்காயை வாங்கி என் பையில் போடுவார்.

"நம்ம வூட்டுல இல்லாத கத்திரிக்காயாப்பா?"

"அது நம்ம வூட்டுது. இது சந்தைது." இதற்கு மேல் அவரோடு யார் பேசுவது!

சந்தை முடிந்ததும் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மாப்ள, அந்தக் கடை எந்தப் பக்கம்?" என்றார். எனக்குப் பொறி தட்டியது. ஓகோ, சந்தை என்பது இதுதானா!

அதற்கப்புறம் அது மாசம் தவறாத யாத்திரை ஆகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் வருவார், ஞாயிறு காலை சந்தை, சந்தைக்கப்புறம் ஒயின் ஷாப். கடையின் கம்பித் தடுப்புக்கு முன்னால் எங்கள் பக்கத்து ஆட்களாகவே நெரிவார்கள். மாயவரம் பஸ்ஸில் வந்து இறங்கி, யாரைக் கேட்டாலும் "சந்தைக்கு வந்தோம்" என்பார்கள், பையில் ஒரு பச்சைமிளகாய்கூட இருக்காது. என் வீட்டுக்காரர் எதிர்க்கடை நிழலில் கத்திரிக்காய்ப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அலுவலகத்து ஆள் யாராவது பார்த்துவிடப்போகிறார்களே என்று கழுத்தைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு நிற்பார். நான் இன்னும் தள்ளிப் பூக்கடையில். ஆனால் குடிக்க வந்த மனுஷர் ஒளிய வேண்டுமா இல்லையா? மாட்டார். தெரிந்த முகம் ஏதாவது கண்ணில் பட்டால் அப்பாவே கையைத் தட்டிக் கூப்பிடுவார்.

"அண்ணே! நீங்களுமா?"

"பின்ன? காரைக்காலுக்கு வந்துட்டு வெறுங்கையோடவா போறது?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரிப்பார். எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

சில ஞாயிறுகளில் வழியில் தென்னந்தோப்புக் கள்ளுக்கடைக்கும் ஒரு நடை போய்விட்டு வருவார். சுண்டலும் நண்டு வறுவலும் மணக்கும். அரைக் குவளையிலேயே திரும்பி வந்து, "புளிச்சுப்போச்சு, நம்ம வயித்துக்கு ஒத்துக்காது" என்பார். ஆனால் மறுமாசமும் போவார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொள்வார். எவர்சில்வர் டம்ளரில் இரண்டு விரல்கடை ஊற்றித் தண்ணீர் கலப்பார். நான் சங்கரா மீன் வறுத்துத் தட்டில் கொண்டுபோய் வைத்தால், "போயிடாத, இஞ்ச உக்காரு" என்பார். அந்த இரண்டு விரல்கடையை அவர் குடித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் பேச்சுத்தான். செவலை மாடு கன்று போட்டது, வாய்க்காலில் தண்ணீர் வந்தது, பங்காளி வரப்பை வெட்டியது. பேசிக்கொண்டே மீனில் முள்ளை எடுத்துவிட்டுச் சதையை என் பக்கம் ஒதுக்குவார். கல்யாணமாகி இத்தனை வருஷமான பெண்ணுக்கு முள் எடுத்துக் கொடுக்கிற அப்பா! எனக்கு அந்த மத்தியானங்கள் அவ்வளவு பிடிக்கும். பிடிக்கும் என்பதாலேயே அந்த டம்ளரைப் பார்க்க எரிச்சலாக வரும்.

சாயங்காலம் கிளம்பும்போதுதான் பெரிய வேலை. பாட்டிலைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, பாலத்துக்கு அந்தப் பக்கம் சோதனைச் சாவடியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்திப் பையைக் குடையும். ஆளாளுக்கு ஒரு தந்திரம் வைத்திருப்பார்கள். அப்பாவின் தந்திரம் கருவாடு. பாட்டிலைப் பழைய வேட்டியில் சுற்றிப் பைக்கு நடுவில் வைத்து, சுற்றிலும் வாளைக் கருவாடு, மேலே சென்னாக்குனி என்கிற பொடி இறால் கருவாடு. இதைக் கட்டித் தருவது என் வேலை. "கருவாட்டுப் பையில கையை விடுற போலீஸ்காரன் இன்னும் பொறக்கலம்மா" என்பார். உண்மைதான். பஸ்ஸில் அவர் பக்கத்து இடத்தில்கூட யாரும் உட்கார மாட்டார்களாம். மூன்று நாள் என் கையில் அந்த நாற்றம் போகாது.

வருஷக்கணக்காக இப்படிக் கட்டிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் அப்பாவுக்குக் 'காரைக்கால் பயணி' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்களாம். ஊரிலிருந்து வந்த ஒருத்தி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மகளைப் பார்க்க வருகிற அப்பா என்று நான் தெருவில் பெருமையடித்துக்கொண்டிருக்க, அங்கே ஊருக்கே தெரிந்திருக்கிறது அவர் எதற்கு வருகிறார் என்று. எனக்குள் ஒரு கேள்வி முள்ளாய்த் தைத்தது. இந்த மனுஷர் வருவது எனக்காகவா, பாட்டிலுக்காகவா?

ஒரு ஞாயிறு எனக்கு நல்ல காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. அப்பா என் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியில் பத்துப் போட்டார், கஞ்சி ஆற்றிக் கொடுத்தார். எல்லாம் சரிதான். பதினோரு மணி ஆனதும் எழுந்து துண்டைத் தோளில் போட்டார்.

"எங்கப்பா?"

"ஒரு நடை கடைக்குப் போயிட்டு ஓடியாந்துடுறேன்."

வந்ததே கோபம் எனக்கு! போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். "ஏம்ப்பா, பெத்த பொண்ணு காய்ச்சல்ல கெடக்குறேன். இன்னிக்கும் அந்தக் கருமம் வேணுமா? நீங்க என்னயப் பாக்க வர்றீங்களா, கடையப் பாக்க வர்றீங்களா? ஒண்ணு சொல்லுங்க!"

அப்பா எப்போதும்போலச் சிரித்தார். "கடைக்கு வந்தா வழியில ஒன்னயும் பாத்தாப்ல ஆச்சுல்ல" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

அன்றைக்கு நான் கருவாடு கட்டித் தரவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவரே கட்டிக்கொண்டு போனார்.

அடுத்த மாசமும் ஒன்றும் நடக்காதது மாதிரி வந்தார், நானும் மீன் வறுத்தேன். அப்பாவிடம் எத்தனை நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்க முடியும்? ஆனாலும் தைத்த முள் தைத்ததுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலும் கடை திறக்கலாம் என்று உத்தரவு வந்தது. என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துக்கொண்டே, "இனிமே மாமாவுக்கு பஸ் செலவு மிச்சம்" என்றார், விளையாட்டாகத்தான். கேள்விக்கு விடை தெரிகிற நாள் வந்துவிட்டது. அவர் ஊரிலேயே கடை. இனி வந்தால் எனக்காக வருகிறார், வராவிட்டால் இத்தனை நாளும் நான்தான் ஏமாந்தவள்.

அவர் வழக்கமாக வருகிற சனிக்கிழமை வந்தது. சங்கரா மீன் வாங்கி, மஞ்சள் தடவி வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தேன். கடைசி பஸ்ஸும் போயிற்று. அப்பா வரவில்லை. விதை விடுகிற வேலையாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த மாசமும் வரவில்லை. அதற்கடுத்த மாசம் மீன் வாங்கவே இல்லை.

"ஒடம்புக்கு ஏதாச்சும் இருக்கும். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாயேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒடம்புக்கு என்னா? பக்கத்துலயே கடை தொறந்து வெச்சிருக்கான், ஜாம் ஜாம்னு இருப்பாரு. அங்க போய் நான் எதைப் பாக்கணும்?" என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் திரும்புவதில்லை என்றுதான் போனேன்.

எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்திலேயே கடை. காலையிலேயே ஆட்கள் நின்றார்கள். அப்பா இருக்கிறாரா என்று ஒவ்வொரு முதுகாகப் பார்த்தேன், இல்லை. வீட்டுக்குப் போனேன். அம்மா கொல்லையில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாடியம்மா! என்னா சொல்லாம கொள்ளாம?"

"அப்பா எங்கம்மா? கடைக்கா?"

"எந்தக் கடைக்கு?"

"அதான் பஸ் ஸ்டாப்புல தொறந்து வெச்சிருக்கானே!"

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அவரா? அது தொறந்ததுலேர்ந்து அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கல. வயலு, வூடு, வயலு, வூடுன்னு பேயறைஞ்சாப்ல திரியிறாரு. காரைக்கால்லேர்ந்து கொண்டாந்த பாட்டிலெல்லாம் இவரா குடிச்சாருன்னு நெனைச்சே? வந்து எறங்குனதும் கூட்டாளிங்க பிடுங்கிக்குவானுங்க. இவரு கருவாட்டை மட்டும் எங்கிட்ட நீட்டுவாரு."

"அப்பறம் என்னாத்துக்கும்மா வாங்குனாரு? காய்ச்சல்ல கெடந்தேன், அன்னிக்குக்கூட விட்டுட்டு ஓடுனாரே!"

அம்மா பதில் சொல்வதற்குள் அப்பா கொல்லைப் படலைத் திறந்துகொண்டு வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். இளைத்திருந்தார். கேட்பதற்கென்று பஸ்ஸில் கோத்துவைத்திருந்த நாலு கேள்வியும் எனக்கு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"ஏம்ப்பா வரல?" என்று மட்டும்தான் வந்தது.

அப்பா தொட்டியில் தண்ணீர் மொண்டு காலில் ஊற்றிக்கொண்டார். முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை. "எதைச் சொல்லிக்கிட்டு வர்றதும்மா?"

"எதைச் சொல்லணும்?"

"பொண்ணு வூட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஒரு தடவ கெளம்புனேன். தெருத் தாண்டுறதுக்குள்ள எத்தினி பேரு! என்னா, பொண்ணு முழுகாம இருக்கா? ஏதும் விசேஷமா? இன்னுமா இல்ல? எந்த டாக்டரு? எந்தக் கோயிலு? ஒரு மனுசன் எத்தினி வாட்டி இல்ல இல்லன்னு சொல்லுவான்? ஒன்னப் பத்தி அவனுவொ அப்படிப் பேசுறத எங்காதால கேக்க முடியல. அதே, காரைக்காலுக்குப் போறேன்னு சொன்னா சிரிச்சுட்டு விட்டுடுறான். எம் பொண்ணு பேரு அதுல வரல பாரு. கையில பாட்டில் இல்லாம திரும்புனா நம்புவானா? அதான் நீ காய்ச்சல்ல கெடந்த அன்னிக்கும் ஓடுனேன். இப்ப இஞ்சயே கடை வந்துருச்சு. இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு காரைக்கால்ங்கிறது?"

பேசி முடித்துவிட்டு, கழுவின காலையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் எழுந்து போய் அவர் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கினேன். ஊரே கைகொட்டிச் சிரிக்கட்டும் என்று குடிகாரப் பட்டத்தைத் தானே தலையில் சூட்டிக்கொண்டிருக்கிறார் இந்த மனுஷர், என் பெயர் யார் வாயிலும் விழக் கூடாது என்று. அவர் தோளில் முகத்தை வைத்து, சேறும் வேர்வையும் பார்க்காமல், ஓவென்று அழுதேன். அவ்வளவு ஆசையாக இருந்தது எனக்கு அவர்மேல்.

"சரி, சரி. அழாத. மாடு மிரளுது பாரு" என்றார் அப்பா.

"கெளம்புங்க" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"இப்பவா? நாத்தங்காலுக்குத் தண்ணி கட்டணும்."

"அதை அம்மா ஆளை விட்டுக் கட்டிக்கும். சட்டையப் போடுங்க."

என் வாய்க்கு அவர் எப்போதுமே பயம். சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். கையில் பைகூட எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றோம். கடை வாசலில் இருந்து அப்பாவின் கூட்டாளி ஒருவர் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"என்னாண்ணே, காரைக்காலா? அதான் காலடியிலயே கடை வந்துருச்சே! இன்னும் என்னாத்துக்கு அவ்வளவு தூரம்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் துண்டை எடுத்து முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

"பொண்ணு வூட்டுக்குப் போறேன்" என்றார்.

கூட்டாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் எதிர்பார்த்ததுதான். "ஓகோ! ஏதும் விசேஷமாண்ணே?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா. கடை வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார். "எம் பொண்ணைப் பாக்காம என்னால இருக்க முடியல. அதான் போறேன்."

பஸ் வந்தது. ஒரே கூட்டம். அப்பா எனக்கு முன்னால் ஓடிப்போய், வெளியிலிருந்தபடியே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்தார்.